கஸ்பர் மார்ச்சில் கட்டிய அடுப்பு

கஸ்பர் ஜ்முடா தன் வாழ்நாளில் இருநூறு அடுப்புகளாவது கட்டியிருப்பார். சான் ஆற்றங்கரையில் அடுப்பு என்றால் வீட்டில் கால்பங்கை அடைத்துக்கொண்டு நிற்கும் செங்கல் மேடை. கீழே ரொட்டி வேகும், மேலே குழந்தைகள் தூங்கும். வெர்பினா கிராமத்தில் போலிஷ்காரர் வீட்டிலும் கட்டினார், உக்ரைன்காரர் வீட்டிலும் கட்டினார். இரண்டு வீட்டிலும் புகை மேலேதான் போனது.

பிறந்தது 1898-இல். பதினெட்டு வயதில் ஆஸ்திரியப் பேரரசு அவரைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய் இத்தாலி மலைகளில் நிறுத்தியது. அதே அணியில் அதே ஊர்க்காரர் ஹ்ரின்கோ சவ்கா. ஹ்ரின்கோ உக்ரைன்காரர். இருவரும் ஒரே கம்பளிக்குள் படுத்தார்கள். ஒரே பேன் இருவரையும் கடித்தது. 1918 நவம்பரில் பேரரசு மண்ணைக் கவ்வியது. நடந்தே ஊர் திரும்பிய இருவரையும் ப்ஷெமிஷ்ல் நகரத்தில் இரண்டு கூட்டங்கள் வரவேற்றன. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற கூட்டம் கஸ்பர் கையில் துப்பாக்கியைத் திணித்தது. அந்தப் பக்கம் நின்ற கூட்டம் ஹ்ரின்கோ கையில் திணித்தது. இரண்டு துப்பாக்கியும் செத்துப்போன அதே பேரரசின் கிடங்கிலிருந்து வந்தவை. பாலத்தின் இரு முனைகளிலும் நின்று சில நாள் சுட்டுக்கொண்டார்கள்.

மூன்று வருஷம் கழித்து ஹ்ரின்கோவின் தங்கை தெக்லாவைக் கஸ்பர் கட்டிக்கொண்டார். கல்யாணப் பந்தியில் ஹ்ரின்கோ ஊரே கேட்கும்படி கேட்டார்.

"ஏன் மச்சான், பாலத்துல நீ சுட்ட குண்டு ஒண்ணு என் தொப்பியத் தூக்கிட்டுப் போச்சே, புதுசு எப்ப வாங்கித் தரப்போற?"

"நான் தலையப் பாத்துத்தான் சுட்டேன். உள்ள ஒண்ணும் இல்லாததால குண்டு நிக்காமப் போயிடுச்சு."

"நல்லவேளை! பொண்ணு குடுத்த வீட்டுல தலை இல்லாம நின்னா மரியாதையா இருக்காது."

அந்தக் கல்யாணத்துக்கு முன் இரண்டு சாமியார்களும் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவர் கஸ்பரின் லத்தீன் கோயில் சாமி, இன்னொருவர் தெக்லாவின் கிரேக்க முறைக் கோயில் சாமி. இருவருக்கும் ஒரே போப்பாண்டவர்தான், நாள்காட்டிதான் வேறு. பேச்சு நெடுநேரம் நடக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கலப்பு வீடுகள் எல்லாவற்றிலும் இருந்த வழக்கத்தைத்தான் இங்கேயும் சொன்னார்கள்: ஆண் பிறந்தால் தகப்பன் கோயிலில் ஞானஸ்நானம், பெண் பிறந்தால் தாய் கோயிலில். பிறக்காத குழந்தைகளை இப்படிப் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டு, ஆளுக்கொரு கோப்பை சாராயம் குடித்துவிட்டுப் போனார்கள். சண்டை வராமலிருக்கப் பெரியவர்கள் கண்ட ஏற்பாடு என்று ஊர் மெச்சியது. அந்த ஞானஸ்நானப் பதிவேட்டை ஒருநாள் துப்பாக்கி வைத்திருப்பவன் வாங்கிப் படிப்பான் என்று எந்தப் பெரியவரும் யோசிக்கவில்லை. ஏற்பாடு செய்கிறவர்கள் யோசிப்பதும் இல்லை, அதற்காகச் சாவதும் இல்லை.

1923-இல் மகன் பிறந்தான். இக்னாஸி என்று லத்தீன் கோயிலில் எழுதினார்கள். 1927-இல் மகள். சொலோமியா என்று மற்றக் கோயிலில் எழுதினார்கள். வீட்டில் இரண்டு கிறிஸ்துமஸ் வந்தது. டிசம்பரில் ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஜனவரியில் ஒன்று. பிள்ளைகள் இரண்டிலும் தின்றார்கள். கஸ்பர் இதைத் தன் வாழ்க்கையின் பெரிய லாபமாகச் சொல்லிக்கொள்வார். அவருக்கு வேறு ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தன் கையால் கட்டிய வீட்டில், தன் கையால் கட்டிய அடுப்பின் மேல், நான்கு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் கொஞ்சம் வளர்ந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். லத்தீன் கோயில் பையன்களைப் போலிஷ் துப்பாக்கிப் பயிற்சிச் சங்கம் சேர்த்துக்கொண்டது. கிரேக்க முறைக் கோயில் பெண்களை உக்ரைன் படிப்பகத்தின் பாட்டுக் குழு சேர்த்துக்கொண்டது. படிப்பகத்தை நடத்தியது மாமா ஹ்ரின்கோதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மேசையில் பீட்ரூட் சூப் குடித்த அண்ணனும் தங்கையும் சாயங்காலம் இரண்டு கொடிகளுக்குக் கீழே நின்றார்கள். படிப்பகத்தின் சன்னல்களை இருமுறை போலீஸ் உடைத்தது. அதற்குப் பதில் சொல்வதாக நினைத்து யாரோ ஜமீன்தாரின் வைக்கோல் போரைக் கொளுத்தினார்கள். வைக்கோல் போருக்குக் காவல் இருந்த கிழவன் வெந்து செத்தான். அவன் எந்தக் கோயில் என்றுதான் இரு பக்கமும் முதலில் விசாரித்தது.

போர் வந்தது. ஊரைப் பிடித்த ஜெர்மன்காரன் யாருக்கு எந்தச் சலுகை என்பதையும் அதே பதிவேட்டைப் பார்த்துத்தான் தீர்மானித்தான். 1943-இல் கிழக்கே வோலின் பக்கமிருந்து போலிஷ் அகதிகள் வரத் தொடங்கினார்கள். காட்டிலிருந்த உக்ரைன் படை கிராமம் கிராமமாகக் கோடரியோடு வந்த கதையைச் சொன்னார்கள். அது கதையல்ல. அடுத்த வருஷம் அந்தக் கோடரி பக்கத்து வட்டாரத்துக்கும் வந்தது. இக்னாஸி கட்டிக்கொள்ள நினைத்திருந்த ஃபெலிக்ஸா என்ற பெண்ணையும் அவளுடைய வீட்டார் ஆறு பேரையும் ஒரு களஞ்சியத்துக்குள் பூட்டிக் கொளுத்தினார்கள். இக்னாஸி போய்ச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு காட்டுக்குப் போய்ப் போலிஷ் ஆயுதக் குழுவில் சேர்ந்தான்.

"அவளைக் கொன்னது உங்க மாமா இல்லையேடா" என்றார் கஸ்பர், அவன் போகும்போது.

"மாமா பாட்டுச் சொல்லிக்குடுத்த பசங்கதான் கோடரியோட போனாங்க."

"அப்போ காட்டுல உனக்கு யாரு பாட்டுச் சொல்லிக்குடுக்கப் போறா?"

இக்னாஸி வேலியைத் தாண்டினான்.

1945 மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை. ஜெர்மன்காரன் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. சாணிக் குவியல் மேல் இன்னும் பனி கிடந்தது. பொழுது சாயும் நேரத்தில் கஸ்பர் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தபோது இக்னாஸி தொழுவத்துக்குள் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. நீட்டிய ரொட்டியை வாங்கவில்லை.

"சனிக்கிழமை அம்மாவையும் சொலோமியாவையும் வீட்டுக்கு வெளிய விடாதீங்கப்பா. வாசல்படி கூடத் தாண்டக் கூடாது."

"ஏன்?"

"கேக்காதீங்க."

"கோயில்ல பாட்டு ஒத்திகை இருக்கேடா. அவ போகாம இருப்பாளா?"

"கால ஒடிச்சாவது நிறுத்துங்க."

கஸ்பருக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த வைக்கோலைக் கீழே போட்டார். "உங்க மாமா?"

இக்னாஸி மாட்டைப் பார்த்தான்.

"டேய், உன்னத் தோள்ல தூக்கிக்கிட்டுச் சந்தைக்குப் போன மனுஷன்டா."

"நான் வந்ததே தப்பு. ஒருத்தர் ஓடினாலும் போதும், யார் சொன்னதுன்னு தேடுவாங்க. எங்க குழுவுல ரெண்டு பக்கமும் உறவு உள்ளவன் நான் ஒருத்தன்தான். என்னை மரத்துல கட்டித் தொங்க விட்டுருவாங்க. உங்களுக்கு மாமா வேணுமா, நான் வேணுமா? நீங்களே சொல்லுங்க."

இப்படி ஒரு கேள்வியை மகன் தகப்பனிடம் கேட்கும்படி செய்தவர்கள் யாரும் அந்தத் தொழுவத்தில் இல்லை. அவர்கள் நகரங்களில் உட்கார்ந்து தேசத்தின் எல்லை எங்கே என்று வரைபடம் வரைந்துகொண்டிருந்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை முழுவதும் கஸ்பர் கையில் இருந்தது. காலையில் இரண்டு முறை ஹ்ரின்கோ வீட்டுப் பக்கம் நடந்தார். இரண்டு முறையும் கிணற்றடியோடு திரும்பினார். மத்தியானம் ஹ்ரின்கோவே வந்தார். கையில் ஒரு பை நிறையக் காய்ந்த காளான் இருந்தது.

"தவக்காலம் பாரு, கறி இல்ல. தங்கச்சிக்குக் குடு. மூஞ்சி ஏன் மச்சான் செத்த எலி மாதிரி இருக்கு?"

"பல்லு வலி."

"பல்லு ஏது உனக்கு? இத்தாலியிலேயே பாதி போச்சு." ஹ்ரின்கோ வேலியில் சாய்ந்துகொண்டார். "நாளைக்குக் காலையில கோயிலுக்கு வந்து பாரேன். சொலோமியாவுக்குத் தனிப் பாட்டு குடுத்திருக்கேன். உங்க கோயில் சாமிக்குத் தெரிஞ்சா கோச்சுக்குவாரோ?"

"ஹ்ரின்கோ..."

"என்ன?"

"உன் தூரத்து உறவு யாராச்சும் ப்ஷெமிஷ்ல்ல இருக்காங்கல்ல? போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாயேன். காலம் சரியில்ல."

"காலம் எப்ப மச்சான் சரியா இருந்துச்சு? நான் போயிட்டா படிப்பகத்துக்கு யாரு விறகு வைப்பா? நீ வைப்பியா?" ஹ்ரின்கோ சிரித்தார். பிறகு ஒரு கணம் கஸ்பரின் முகத்தைப் பார்த்தார். "ஏதாச்சும் கேள்விப்பட்டியா?"

கஸ்பர் வாயைத் திறந்தார். தொழுவத்தில் நின்ற மகனின் தாடி கண்ணில் நின்றது. "இல்ல. பொதுவாச் சொன்னேன்" என்றார்.

சனிக்கிழமை விடியும்முன் கஸ்பர் எழுந்து தன் வீட்டு அடுப்பை இடித்தார்.

சத்தம் கேட்டுத் தெக்லா பதறி எழுந்து வந்தபோது செங்கல் பாதி தரையில் கிடந்தது. வீடெல்லாம் கரி.

"மனுஷா, பைத்தியம் பிடிச்சிடுச்சா? வெளிய தண்ணி ஐஸா நிக்குது. இப்ப போய் அடுப்ப இடிக்கிற!"

"புகைப்பாதையில விரிசல் விட்டுப்போச்சு. ராத்திரி புகை உள்ள இறங்குச்சு. மூணு பேரும் செத்திருப்போம்."

"எனக்கு ஒரு புகையும் தெரியலையே."

"தெரியற அளவுக்கு வந்திருந்தா எழுந்திருச்சிருக்க மாட்ட. பேசாத, களிமண்ணு மிதி. சொலோமியா, நீயும் வா. ராத்திரிக்குள்ள கட்டி முடிக்கலேன்னா குளிர்ல விறைச்சிடுவோம்."

"எனக்கு ஒத்திகை இருக்கு" என்றாள் சொலோமியா.

"விறைச்ச தொண்டையில என்ன பாட்டு வரும்? மிதி."

தாயும் மகளும் முழங்கால் வரை களிமண்ணில் இறங்கினார்கள். கஸ்பர் ஒவ்வொரு செங்கல்லாக வைத்தார். இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவ்வளவு மெதுவாகச் செங்கல் வைத்ததில்லை. பத்து மணிக்கு மேட்டுப் பக்கமிருந்து முதல் வெடிச் சத்தம் வந்தது. பிறகு நிறைய. தெக்லா கதவை நோக்கி ஓடினார். கஸ்பர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். வெளியே ஆட்கள் ஓடும் சத்தம், போலிஷ் மொழியில் அதட்டும் சத்தம், ஒரு பெண்ணின் அலறல். யாரோ வேலியருகே நின்று, "இது ஜ்முடா வீடு, நம்மாளு, விடு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொலோமியா களிமண்ணுக்குள்ளேயே உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

அன்று வெர்பினாவில் ஐம்பத்தேழு உக்ரைன்காரர்கள் செத்தார்கள். ஃபெலிக்ஸா வீட்டைக் கொளுத்தியவர்களில் ஒருவர்கூட அந்த ஐம்பத்தேழில் இல்லை. அவர்கள் காட்டில் பத்திரமாக இருந்தார்கள். செத்தவர்கள் பெண்கள், கிழவர்கள், ஒத்திகைக்குச் சீக்கிரம் வந்துவிட்ட பாட்டுக் குழு, விறகு சுமந்து வந்த ஹ்ரின்கோ. இதற்குப் பழி என்று இரண்டு வாரம் கழித்து ஆற்றுக்கு அக்கரையில் ஒரு போலிஷ் கிராமம் எரிந்தது. இரண்டு தரப்பும் தங்கள் பிணங்களை மட்டும் எண்ணின. மறு தரப்புப் பிணங்களுக்குக் காரணம் வைத்திருந்தார்கள்.

தெக்லா தன் அண்ணனைக் கழுவித் துணி சுற்றினார். கஸ்பர் குழி தோண்டினார். குழி ஓரத்தில் நின்று தெக்லா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "உன் புகைப்பாதை எங்க ரெண்டு பேரையும் காப்பாத்துச்சு மனுஷா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு கஸ்பர் நின்றார்.

ஏப்ரல் நடுவில் அடுப்பு வெடித்தது. குளிரில் வைத்த களிமண் உள்ளே ஈரத்தோடு உறைந்திருந்தது; வெயில் ஏறியதும் மேலிருந்து கீழ்வரை கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. தெக்லா பிளவை அடைக்கக் களிமண் குழைத்துக்கொண்டு வந்தார். இடிக்காமல் விட்ட பழைய புகைப்பாதைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அவர் அடுப்புக் கட்டுகிறவனின் மனைவி. இருபத்துநான்கு வருஷம் கஸ்பருக்குக் களிமண் மிதித்தவர். சாயங்காலம் கஸ்பர் வந்ததும் மெல்லிய குரலில் கேட்டார்.

"மே மாசத்துக்கு முன்னாடி நீ எந்த வீட்டுல அடுப்புக் கட்டியிருக்க?"

கஸ்பர் உட்கார்ந்தார்.

"சாமியாரு வந்து கெஞ்சினப்பவே, உறைபனியில கட்டினா வெடிக்கும், என் பேரு கெடும்னு திருப்பி அனுப்பினவன் நீ. அன்னிக்கு மட்டும் ஏன் கட்டின?"

"தெக்லா..."

"உனக்குத் தெரியும்."

அவர் தலையாட்டினார்.

"எப்பத்திலிருந்து?"

"வியாழக்கிழமை."

"வெள்ளிக்கிழமை அண்ணன் காளான் கொண்டுவந்தான்."

"ஆமா."

"வேலிகிட்ட நின்னு பேசினீங்க. நான் சன்னல்ல பாத்தேன். சிரிச்சுக்கிட்டிருந்தான்."

"சொல்லியிருந்தா இக்னாஸிய கொன்னிருப்பாங்க."

"அவன்தான் வந்து சொன்னானா?" தெக்லா எழுந்து நின்றார். "அப்ப அவனுக்கும் தெரியும். உனக்கும் தெரியும். அம்பத்தேழு பேரு சாகறப்ப என்னை மண்ணு மிதிக்க வெச்ச."

"உன்னையும் அவளையும் காப்பாத்தணும்னு..."

"காப்பாத்திட்ட. நல்லாக் காப்பாத்திட்ட."

சொலோமியா உள்ளே வந்து நெடுநேரமாகக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவளுடைய குழுவில் பத்தொன்பது பேர் பாடினார்கள். மிச்சம் இருந்தது அவளும் காய்ச்சலால் படுத்திருந்த இன்னொருத்தியும். அதற்குப் பிறகு அவள் தகப்பனோடு பேசவில்லை.

கஸ்பர் செய்தது சரியா? ஊரில் இதைப் பின்னால் கேள்விப்பட்ட நியாயவான்கள் பலர் தீர்ப்புச் சொன்னார்கள். ஐம்பத்தேழு பேரையும் தன் மகனையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்க்கும்படி எந்த மனிதனிடமும் கேட்கக் கூடாது. கேட்டவன்தான் குற்றவாளி. ஆனால் கேட்டவனுக்குச் சிலை வைக்கிறார்கள். பதில் சொல்ல முடியாமல் நின்றவனிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள்.

அப்போது போலிஷ், சோவியத் அரசாங்கங்கள் இரண்டும் ஆள்மாற்று ஒப்பந்தம் ஒன்று போட்டிருந்தன. உக்ரைன்காரர்கள் எல்லைக்குக் கிழக்கே சோவியத் பக்கம் போக வேண்டும், போலிஷ்காரர்கள் மேற்கே வர வேண்டும். மாட்டை மாற்றிக்கொள்வது போல. போலிஷ்காரனின் மனைவி என்பதால் தெக்லா போக வேண்டியதில்லை. அதிகாரியின் மேசை முன் தானே போய் நின்றார்.

"உங்க வீட்டுக்காரர் போலிஷ்காரர் இல்லையாம்மா? நீங்க இங்கேயே இருக்கலாமே."

"பேரை எழுதுங்க. தெக்லா. மகள் சொலோமியா."

செப்டம்பரில் சரக்கு ரயில் வந்தது. ஆட்கள் ஒரு பக்கம், மாடுகள் ஒரு பக்கம். கஸ்பர் ஸ்டேஷன் வரை மூட்டையைச் சுமந்து வந்தார்.

"நானும் வரேன் தெக்லா. பேரு குடுத்தா சேத்துக்குவாங்க."

"நீ வந்தா இக்னாஸி காட்டுலேர்ந்து எந்த வீட்டுக்குத் திரும்புவான்?"

"அவனும் உன் பிள்ளைதானே."

"என் பிள்ளைதான். அதனாலதான் உன்னை அவன்கிட்ட விட்டுட்டுப் போறேன்." தெக்லா மூட்டையை வாங்கிக்கொண்டார். "அவன்கிட்ட ஒண்ணு சொல்லு. நான் சாபம் குடுக்கல. எனக்கு அதுக்குக்கூடத் தெம்பில்ல."

"சொலோமியா, அப்பாவ ஒரு தடவ பாரும்மா" என்றார் கஸ்பர்.

அவள் பெட்டிக்குள் மாட்டுக்கு அருகே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ரயில் போனது. ஆண் தகப்பனோடு, பெண் தாயோடு. கல்யாணத்துக்கு முன் இரண்டு சாமியார்களும் பிரித்த பிரிவினை, எழுத்து மாறாமல் நடந்து முடிந்தது.

1947-இல் புதிய அரசாங்கம் காட்டிலிருந்த போலிஷ் குழுக்களுக்கு மன்னிப்பு அறிவித்ததும் இக்னாஸி வீடு திரும்பினான். தகப்பனும் மகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றார்கள். தெக்லா சொன்னதைக் கஸ்பர் ஒருநாள் சொன்னார். இக்னாஸி எழுந்துபோய் மாலை வரை விறகு வெட்டினான். வீட்டுக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு வெட்டினான்.

இரண்டு மாதம் கழித்துப் போலிஷ் ராணுவம் ஊரைச் சுற்றி வளைத்தது. உக்ரைன் படைக்குச் சோறு போடக்கூடிய வீடு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. மிச்சமிருந்த உக்ரைன்காரர்களையும் கலப்புக் குடும்பங்களையும் நாட்டின் வடமேற்கு மூலைக்கு, ஜெர்மன்காரர்களைத் துரத்திவிட்ட நிலத்துக்கு அனுப்பப் பட்டியல் போட்டிருந்தார்கள். ஒரு சார்ஜென்ட் வாசலில் நின்று படித்தான்.

"ஜ்முடா கஸ்பர், ஜ்முடா இக்னாஸி. ரெண்டு மணி நேரம். வண்டியில ஏறுங்க."

இக்னாஸிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தான். "பேரு தப்பு. நாங்க போலிஷ்காரங்க. நான் லத்தீன் கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினவன்."

"அம்மா பேரு?"

"தெக்லா."

"எந்தக் கோயில்?"

இக்னாஸி தகப்பனைத் திரும்பிப் பார்த்தான்.

"அதான் பட்டியல்ல இருக்கு. கலப்பு வீடு. ரெண்டு மணி நேரம்னு சொன்னேன், அதுல அஞ்சு நிமிஷம் போச்சு."

"யோவ், இந்த நாட்டுக்காக நான் என்ன செஞ்சிருக்கேன்னு தெரியுமா உனக்கு?" இக்னாஸி கத்தினான். "என்ன செஞ்சிருக்கேன்னு தெரியுமா?"

"தெரிஞ்சுக்க விரும்பல" என்றான் சார்ஜென்ட். கெட்டவன் போலத் தெரியவில்லை. களைத்திருந்தான். "பானை சட்டிய மறக்காதீங்க. அங்க எல்லாத்தையும் முன்னாடி வந்தவன் சுருட்டியிருப்பான்."

வடக்கே அவர்களுக்கு ஒரு ஜெர்மன் விவசாயியின் வீட்டைக் கொடுத்தார்கள். கஸ்பர் தெக்லாவுக்கு மூன்று கடிதம் போட்டார். ரயில் எந்த ஊரில் அவர்களை இறக்கியது என்று தெரியாததால் மாவட்டத்தின் பெயரை மட்டும் எழுதினார். தெக்லா எழுதியிருந்தாலும் அது வெர்பினாவுக்குத்தான் போயிருக்கும். வெர்பினாவில் கடிதம் வாங்க யாரும் இல்லை.

1950 டிசம்பரில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஓர் இளைஞன் வந்தான். தூரத்து வீடுகள் பாக்கி இருந்ததால் அவசரத்தில் இருந்தான். இக்னாஸி சன்னலோரம் லாடம் சரிபண்ணிக்கொண்டிருந்தான்.

"மனைவி?" என்று கேட்டான் இளைஞன்.

"இருக்கா" என்றார் கஸ்பர்.

"இந்த வீட்லயா?"

"இல்ல."

"எங்க?"

கஸ்பர் யோசித்தார். "தெரியல."

"உயிரோட இருக்காங்களா?"

"தெரியல."

"பெரியவரே, இந்தத் தாள்ல தெரியலன்னு எழுத இடமில்ல. இருக்காங்க, இல்லாட்டி இல்ல." அவன் பேனாவை எடுத்துக்கொண்டு ஒரு கணம் காத்திருந்தான். கஸ்பர் மகனைப் பார்த்தார். இக்னாஸி லாடத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. இளைஞன், 'இறந்துவிட்டார்' என்று எழுதிக்கொண்டான். பிறகு, "பிள்ளைங்க எத்தனை?" என்று கேட்டான்.

"எழுதிக்க" என்றார் கஸ்பர். "ஒரு பையன்."